ஆரோக்கியமேரியின் முட்டிவலி

பூசை முடிந்துவிட்டது. சாமியார் உள்ளே போய்விட்டார். பீடத்து மெழுகுவத்திகளை அணைத்தாகிவிட்டது. பாய்களைச் சுருட்டவும் ஆரம்பித்துவிட்டார்கள். தாவீது மட்டும் முழந்தாளிலேயே இருந்தார்.

கண் மூடியிருந்தது. கை கூப்பியிருந்தது. உதடு எதையோ முணுமுணுத்தது.

"பக்தின்னா இதாம்பா பக்தி. தாவீதண்ணனப் பாரு. பூசை முடிஞ்சதுகூடத் தெரியல" என்று பாய் சுருட்டியவர் உருகினார்.

தெரியாமல் என்ன? பூசை முடிந்தது. அவரால்தான் முடியவில்லை.

வலது முட்டி தரையோடு பேசி ஒப்பந்தம் போட்டுக்கொண்டதுபோல அசைய மறுத்தது. இடது முட்டி அதற்குச் சாட்சிக் கையெழுத்து. 'ஆண்டவரே, ஒரே ஒரு தபா எழுப்பி உட்டுடு' என்பதுதான் அந்த முணுமுணுப்பு. ஆண்டவர் அவசரப்படவில்லை. கோயில் காலியானதும் தாவீது நாலு காலில் தூண் வரைக்கும் நகர்ந்தார். தூணைக் கட்டிப்பிடித்தார். பல்லைக் கடித்துக்கொண்டு, பிள்ளையார் கோயில் தேங்காய் உடைகிற மாதிரி ஒரு சத்தத்தோடு எழுந்தார்.

வாசலில் அவர் சம்சாரம் ஆரோக்கியமேரி, அவருடைய செருப்பையும் தன் செருப்பையும் கையில் வைத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"வேண்டுதல் பெருசா?"

"பெருசுதான்."

"இன்னா வேண்டிக்கின?"

"வேண்டுதலயெல்லாம் வெளிய சொல்லக் கூடாதுமே."

"சரி, வா" என்று செருப்பைக் கீழே போட்டாள். அவ்வளவுதான். தாவீதுக்கு நிம்மதி. இவளுக்கு ஒன்றும் தெரியவில்லை.

இது நடந்தது எழுபத்து நாலாம் வருசம், பொங்கல் முடிந்த ஞாயிறு. தாவீதுக்கு அப்போது ஐம்பத்தெட்டு வயசு. கும்மிடிப்பூண்டி ரயில்வே கேட்டுக்கு அந்தப் பக்கம் ஒரு ஆணி கம்பெனியில் வாட்ச்மேன். மத்தியானம் இரண்டு மணிக்குப் போனால் ராத்திரி பத்துக்குத் திரும்புவார். பெண்கள் இரண்டு பேரையும் கட்டிக்கொடுத்தாகிவிட்டது. வீட்டில் இவரும் மேரியும்தான்.

கம்பெனியில் அவருக்கு ஸ்டூல் கொடுத்திருந்தார்கள். அவர் உட்காருவதில்லை. உட்கார்ந்தால் மானேஜர் கார் வரும்போது எழுந்து சல்யூட் அடிக்க முடியாது. அதற்குள் கார் உள்ளே போய், மானேஜர் டீ குடித்து முடித்திருப்பார். அதனால் எட்டு மணி நேரமும் கேட்டைப் பிடித்தபடி விறைப்பாக நின்றார். மானேஜர் மற்ற வாட்ச்மேன்களைக் கூப்பிட்டு, "தாவீதப் பாத்துக் கத்துக்கங்க" என்றார்.

இப்படி முட்டியை மறைத்ததற்கு ஒரு காரணம் உண்டு. ஈஸ்டருக்கு முந்தின தபசு காலம் வந்தால் வெள்ளிக்கிழமைதோறும் காலையில் கோயிலில் சிலுவைப்பாதை. சுவரில் வரிசையாக, இயேசு சிலுவை சுமந்த கதை பதினாலு படம். மரச்சிலுவையைத் தூக்கிக்கொண்டு முன்னால் போகிறவர் ஒவ்வொரு படத்துக்கும் முழந்தாள் போட வேண்டும். எழ வேண்டும். புத்தகம் வாசிக்க வேண்டும். அடுத்த படத்துக்குப் போக வேண்டும். பதினெட்டு வருசமாக முன்னால் போகிறவர் தாவீது. கம்பெனியில் அவர் ஒரு வாட்ச்மேன். ஊரில் பாதிப் பேருக்கு அவர் ஒரு கூலிக்காரர் மகன். ஆனால் அந்த ஆறேழு வெள்ளிக்கிழமையும் ஊரே அவர் முதுகுக்குப் பின்னால் நடந்தது.

அந்த முதுகுக்கு நேர் பின்னால் நடந்தவன் ஜெயராஜ். மின்சார போர்டில் லைன்மேன். நாற்பது வயசு. கம்பம் ஏறுகிற முட்டி.

"அண்ணே, இந்த வருசம் ஒடம்பு முடியலன்னா சொல்லுங்க. நான் பாத்துக்கறேன்" என்பான், வருசா வருசம், மிகுந்த அன்போடு.

"எனக்கு இன்னாடா முடியல? தாவீதுன்னு பேரு வச்சிக்கினு தாவாம இருப்பேனா?" என்பார் இவர், வருசா வருசம், அதைவிட அன்போடு.

முட்டிவலி என்று ஒருத்தர் காதில் விழுந்தால் போதும். சிலுவை கை மாறிவிடும். வெள்ளைத்துணி போர்த்தி மூலையில் உட்கார வைத்துவிடுவார்கள். அதனால் தாவீது வீட்டிலும் நாடகம் போட்டார். தரையில் சம்மணம் போட முடியவில்லை. "நின்னுக்கினே துன்னா நல்லா செரிக்குமாம். கம்பெனில பேசிக்கினாங்க" என்று தட்டைக் கையில் ஏந்திக்கொண்டார். தண்ணீர்க் குடத்தைக் குனிந்து தூக்க முடியவில்லை. "ஆம்பள கொடம் தூக்குனா ஊரு சிரிக்கும்" என்றார். இருபது வருசமாகத் தூக்கியவர்தான்.

மேரி எல்லாவற்றுக்கும் "அப்படியா" என்றாள்.

*

அந்த வாரம் செவ்வாய்க்கிழமை காலை, மேரி நாஷ்டாவுக்கு இட்லியை வைத்துவிட்டு "அப்பா" என்று சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"இன்னாமே?"

"முட்டிய்யா."

தாவீதின் இட்லி பாதி வழியில் நின்றது.

"முட்டியா? உனக்கா?"

"ரெண்டு மாசமா. குந்துனா எழுந்திரிக்க முடியல. எழுந்தா குந்த முடியல. உன்னாண்ட சொல்லி உன்னையும் ஏன் பேஜார் பண்ணணும்னு உட்டுட்டேன். உனக்கு இன்னா, இரும்பு முட்டி. உனக்கு எங்க தெரியப்போவுது அந்த வலி."

இரும்பு முட்டிக்காரர் பாதி இட்லியோடு அவளைப் பார்த்தார். "பாவம்மே நீ" என்றார். உண்மையாகவே சொன்னார். கொஞ்சம் சந்தோஷமாகவும் சொன்னார். துணைக்கு ஆள் கிடைத்தால் வலிகூடப் பாதி ஆகிவிடுகிறது.

"மிஷன் ஆஸ்பத்திரி நர்சு கிரேஸ் இருக்குதுல்ல, அது முட்டிவலிக்காரங்களுக்கு கிளாஸ் வைக்குதாம். பொதங்கெழம பொதங்கெழம, காலைல பதினோரு மணி. பத்து வாரம். இன்னா துன்னணும், எப்புடி ஒக்காரணும், காலுக்கு இன்னா எக்சசைஸ், எல்லாம் சொல்லித் தருதாம்."

"போயேன்."

"எங்க போறது? பள்ளிக்கொடத்து மத்தியானச் சோறு யாரு ஆக்குவா? பதினோரு மணிக்குத்தான் ஒல கொதிக்கும்." பெருமூச்சு விட்டாள். "நீ காலைல சொம்மாதான இருக்க. நீ போய்க் கேட்டுக்கினு வந்து எனக்குச் சொல்லேன்."

தாவீது இட்லியைக் கீழே வைத்தார். மூளையில் ஒரு விளக்கு எரிந்தது. சம்சாரத்துக்காகப் போகிறேன் என்று ஊரறியச் சொல்லலாம். அங்கே சொல்வதையெல்லாம் ஊரறியாமல் தன் முட்டிக்குச் செய்துகொள்ளலாம். வலி அவள் பேரில். வைத்தியம் இவர் காலில். இப்படி ஒரு வாய்ப்பு ஆயிரத்தில் ஒருவனுக்குத்தான் கிடைக்கும்.

உடனே ஒத்துக்கொண்டால் சந்தேகம் வரும். "பொம்பளைங்க கிளாசுல நான் போய் இன்னாமே பண்றது?" என்று முகத்தைச் சுளித்தார்.

"சரி, வாணாம் உடு. வலிச்சிக்கினே கெடக்கறேன்."

"சேச்சே! அப்பிடி உட்டுடுவேனா? உனக்காகப் போறேன்" என்றார் அவசரமாக. "ஆனா பொதங்கெழமைல வஞ்சிர மீனு கொழம்பு வைக்கணும்."

"வச்சிடறேன்" என்றாள் மேரி. முகத்தில் ஒரு நன்றி. அப்படித்தான் அவருக்குத் தோன்றியது.

*

கிளாஸில் பதினேழு பொம்பளைகள். ஆம்பிளை தாவீது ஒருத்தர்தான். உள்ளே நுழைந்ததும் நடுவில் நின்று அறிவித்தார்.

"இந்தா பாருங்க, எனக்கு ஒண்ணும் இல்ல. எங்க ஊட்டுக்காரிக்காக வந்திருக்கேன்."

பதினேழு பேரும் தலையாட்டினார்கள். ஒருத்தி முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். இருமலாக இருக்கும்.

நர்ஸ் கிரேஸ் சின்னப் பெண். முப்பதுகூட இருக்காது. ஒரு பெரிய நோட்டைத் திறந்து எதையோ எழுதிக்கொண்டு, "நல்லதுங்க ஐயா. உக்காருங்க. தரையில இல்ல, நாற்காலியில" என்றாள். தாவீதுக்கு அந்த ஒரு வார்த்தையிலேயே பாதி குணமானது.

சுவரில் முட்டிப் படம் மாட்டியிருந்தது. "ரெண்டு எலும்பு சேர்ற எடத்துல வழவழன்னு ஒரு மேல்பூச்சு இருக்கும். வயசாக ஆக அது தேயுது. அதான் வலி, அதான் கடகடன்னு சத்தம்" என்றாள் கிரேஸ்.

முன்வரிசையில் இருந்த அஞ்சம்மாள், கீரை விற்கிறவள், கையைத் தூக்கினாள். "தேயுதுன்னா, ஆட்டாம அசைக்காம வச்சிக்கினா தேயாதில்ல நர்சம்மா? நான் ஒரு மாசமா பட்த்துக்கினே கீறேன்."

"வலி கொறைஞ்சுதா?"

"கூடிச்சு."

"கூடத்தான் செய்யும். படுத்தா தொடைச் சதை எளைச்சிடும். முட்டியத் தாங்குறதே அந்தச் சதைதான். அது பலமா இருந்தா முட்டி மேல பாரம் கொறையும். அதனால ஆட்டணும். அளவா ஆட்டணும். கொஞ்சம் வலிச்சா பயப்படாதீங்க. மறுநாள் வரைக்கும் வலிச்சா, வீங்குனா, கொறைச்சுக்குங்க. என்னைக் கேக்காம கடையில மாத்திரை வாங்கி முழுங்காதீங்க."

பிறகு நாற்காலியில் உட்கார்ந்து ஒரு காலை நேராக நீட்டிக் காட்டினாள். தொடையை இறுக்கி, அஞ்சு எண்ணி, மெதுவாக இறக்க வேண்டும். ஒவ்வொரு காலுக்கும் பத்துத் தடவை. படுத்துக்கொண்டு முட்டிக்குக் கீழே துண்டைச் சுருட்டி வைத்து அழுத்த வேண்டும். நாற்காலியைக் கையால் பிடிக்காமல் எழுந்து எழுந்து உட்கார வேண்டும்.

"ஐயா, நீங்களும் செய்யுங்க. செஞ்சாத்தான வீட்ல சொல்லிக் குடுக்க முடியும்?"

"அதுக்காகத்தான் செய்யறேன்" என்று எல்லோருக்கும் கேட்கிற மாதிரி சொல்லிவிட்டு தாவீது எழுந்து உட்கார்ந்தார். நாலாவது தடவையில் தொடை நடுங்கியது. "எங்க ஊட்டுக்காரிக்கு இந்த எடத்துல நடுங்கும்னு நெனைக்கிறேன்" என்றார்.

"நடுங்கும், நடுங்கும்" என்று கிரேஸ் நோட்டில் எழுதிக்கொண்டாள்.

கடைசியில் சந்தேகம் கேட்கச் சொன்னாள். தாவீது கனைத்தார். "எங்க ஊட்டுக்காரி முட்டி போட்டா எழுந்திரிக்க முடியலன்னு சொல்லுது. அதுவும் அது வெள்ளிக்கெழமையானா பதினாலு தபா போடணும்."

"பதினாலு தடவையா? யாரு, மேரியம்மாவா?"

அறையே திரும்பிப் பார்த்தது. தாவீதுக்கு வியர்த்தது.

"ரொம்ப... ரொம்ப பக்தி அதுக்கு" என்று உட்கார்ந்துவிட்டார்.

*

வீட்டுக்கு வந்ததும் பாடம் நடந்தது. மேரி பள்ளிக்கூடத்திலிருந்து வந்து முக்காலியில் உட்கார்ந்து முருங்கைக்கீரை ஆய்ந்தாள். தாவீது நாற்காலியில் வாத்தியார்.

"இப்பிடி கால நீட்டு. அஞ்சு எண்ணு. எறக்கு."

"புரியலயே. இன்னொரு தபா காட்டு."

காட்டினார்.

"வலது கால் புரிஞ்சிது. எடது எப்பிடி?"

"அதே மாதிரிதான்மே!"

"அது எனக்கு இன்னா தெரியும்? காட்டுனாத்தான தெரியும்."

காட்டினார்.

"பத்து தபான்னியே. பத்தாவது எப்பிடி இருக்கும்? நீ போடு, நான் எண்றேன். ஒண்ணு... இந்தக் கீரையில பாதி மஞ்சளு, அஞ்சம்மா ஏமாத்திட்டா... ரெண்டு... பொண்ணாண்டேந்து லெட்டரே காணோம் பாத்தியா... எத்தினி சொன்னேன்?"

"மூணு!" கால் அந்தரத்தில் நின்றது.

"ரெண்டுதான். நீ வாத்தியாரு, நீயே தப்பா எண்ணலாமா?"

இப்படிப் பத்து என்பது முப்பது ஆகும். மறுநாள் காலையில் "நேத்து காட்டுனது மறந்துபோச்சு" என்பாள். மறுபடியும் முப்பது. நாற்பது வருசம் குடித்தனம் நடத்திய பொம்பளைக்கு ஒரு காலை நீட்டுவது எப்படி என்று இரண்டு வாரமாகியும் புரியவில்லை. தாவீது உள்ளூரச் சிரித்துக்கொண்டார். மக்கு மாணவி கிடைத்தது அவர் அதிர்ஷ்டம். மாணவி ஒரு தடவை செய்வதற்குள் வாத்தியார் அறுபது தடவை செய்துவிடுகிறார்!

மூன்றாவது வாரம் உடம்பு எடையைப் பற்றி வகுப்பு. ஒரு கிலோ எடை கூடினால் முட்டிக்கு அது மூணு கிலோவாகத் தெரியுமாம். அதையும் வந்து ஒப்பித்தார். "நீ சோத்தக் கொறைக்கணும்மே."

"கொறைச்சிட்டாப் போச்சு. ஆனா எனக்குத் தனியா உனக்குத் தனியா ஆக்க என்னால முடியாது. கால் வலிக்குது. ரெண்டு பேரும் அதையே துன்னுவோம்."

நாலு கரண்டிச் சோறு இரண்டானது. கீரை மலைபோல் வந்தது. வஞ்சிர மீன் குழம்பு சொன்னபடி வந்தது, துண்டு மட்டும் ரயில் டிக்கெட் அளவில் இருந்தது. பேசிய ஒப்பந்தத்தில் துண்டின் அளவு எழுதப்படவில்லை.

நாலாவது வாரம், குந்தாதே, சம்மணம் போடாதே என்றார்கள். மேரி தச்சு வேலை சுப்பராயனைக் கூப்பிட்டு, ஒரு பழைய ஸ்டூலின் நடுவே பெரிய ஓட்டை போடச் சொன்னாள். கொல்லைப்பக்கத்துக் கக்கூஸில் போட்டுக்கொள்ளத்தான். "எனக்காக" என்றாள். அதை அவளைவிட அதிக நேரம் பயன்படுத்தியவர் யார் என்று இங்கே சொல்ல வேண்டியதில்லை. தாவீது அதில் உட்கார்ந்திருந்தபோது ராஜாவுக்கு இருக்கிற நிம்மதி அவருக்கும் இருந்தது.

அஞ்சாவது வாரம் நடை. சமதரையில் தினம் அரை மணி நேரம்.

"பொம்பள தனியா ரோட்ல நடந்தா இன்னா பேசுவாங்க? நீயும் வா."

ரயில்வே கேட் வரைக்கும் போய்த் திரும்பினார்கள். முதல் நாள் மேரி முன்னால் போனாள். தாவீது இருபதடி பின்னால். முப்பதடி. நாற்பதடி.

"மெதுவா போமே! முட்டிவலிக்காரி மாதிரியா நடக்கற?"

"நீ சொல்லிக் குடுத்த எக்சசைஸ்யா. நல்லா வேலை செய்யுது."

தாவீதுக்குப் பெருமை தாங்கவில்லை. அன்று கம்பெனி கேட்டில் லாரி டிரைவர்களையெல்லாம் நிறுத்தி, "பொண்டாட்டி காலயே சரி பண்ணிட்டேன் நைனா" என்று சொன்னார். தெலுங்கு டிரைவர் ஒருவர் தன் மாமியாரையும் கொண்டுவரட்டுமா என்று கேட்டார்.

இதற்கு நடுவே இன்னொன்றும் நடந்தது. ஒரு நாள் மானேஜர் கார் வந்தபோது தாவீது ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். கார் ஹாரன் அடித்தது. எழுந்தார். சல்யூட் அடித்தார். கார் போனது. அதற்குப் பிறகுதான் அவருக்கு உறைத்தது, எதையும் பிடிக்காமல் எழுந்திருக்கிறோம் என்று. நாலு பக்கமும் பார்த்தார். உட்கார்ந்தார். எழுந்தார். யாரும் இல்லாத கேட்டில் இன்னொரு சல்யூட் அடித்தார்.

மேரிதான் சரியான மாணவி இல்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை சாயந்திரம் கிணற்றடியில் அவள் இரண்டு காலையும் மடக்கிக் குந்தி, கிழக்கும் மேற்குமாக ஆடி ஆடிக் குண்டான் தேய்த்துக்கொண்டிருந்தாள். தாவீதுக்கு ரத்தம் கொதித்தது.

"ஏமே! எத்தினி தபா சொல்றது? குந்தாத, குந்தாத! நான் சொல்றது காதுல உழலயா?"

"ஐயோ, மறந்துட்டேன்யா" என்று மேரி துள்ளி எழுந்தாள். துள்ளிய பிறகு ஞாபகம் வந்து "அப்பா" என்றாள்.

*

தபசு காலம் நெருங்கியது. அது தொடங்குகிற சாம்பல் புதனுக்கு முந்தின கிளாஸ். தாவீதுக்குத் தொடை தேறியிருந்தது, படி ஏற முடிந்தது. ஆனால் வெறும் தரையில் பதினாலு முழந்தாள்? நினைத்தாலே முட்டி இரண்டும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொண்டன.

"எங்க ஊட்டுக்காரி கேக்கச் சொல்லிச்சு" என்று ஆரம்பித்தார். "இப்பத்தான் நல்லாயிடுச்சே, முட்டி போடலாமான்னு."

"நல்லா ஆனதக் கெடுத்துக்க வேணாம்னு சொல்லுங்க" என்றாள் கிரேஸ். "தேஞ்சது திரும்ப மொளைக்காது. நாம பலத்தக் கூட்டிக்கிட்டுச் சமாளிக்கறோம், அவ்வளவுதான். கட்டாந்தரையில வேணாம். தலை குனிஞ்சு நின்னாப் போதும்."

தாவீதின் முகம் விழுந்தது. அதை வீட்டுக்குக் கொண்டுவந்து மேரியிடம் போட்டார்.

மேரி அதைவிடச் சோகமானாள். "அப்ப நீ முன்னால முட்டி போடுவ. எல்லாரும் போடுவாங்க. நான் மட்டும் நட்டமா நிக்கணுமா? ஊரு சிரிக்காது? நான் போட்டுடறேன்யா. வலிச்சா வலிக்கட்டும்."

"பைத்தியமா உனக்கு? ஊரா வந்து உன் காலப் புடிச்சி உடப்போவுது? வலிக்கறவங்க நிக்கறதுல இன்னா வெக்கம்? வயசானா தேயறதுதான். அதுல மறைக்க இன்னா இருக்குது?"

"இத என்னாண்ட சொல்லி இன்னா? ஊராண்ட சொல்லு. சாமியாராண்ட சொல்லு."

"சொல்றேன்! எனக்கு இன்னா பயமா?"

போனார். சாமியாரிடம் அதையே சொன்னார். அதே வேகத்தில். சாமியார் தாடியைத் தடவிக்கொண்டு, "ஆண்டவர் என்ன எண்ணிக்கிட்டா இருக்காரு, இவன் எத்தனை தடவை மண்டி போட்டான்னு? முடியாதவங்க தாராளமா நிக்கட்டும். ஆனா தாவீது, முன்னால போற நீ முட்டி போட்டா அவங்களுக்குக் கூச்சமா இருக்குமே" என்றார்.

தாவீது ஒரு நிமிஷம் யோசித்தார். அப்படி யோசிப்பதுபோல் நின்றார். வானத்திலிருந்து விழுந்த வரத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, குரலைத் தாழ்த்தினார்.

"அவங்களுக்காக நானும் நின்னுடறேன் சாமி. எனக்குக் கஷ்டமாத்தான் இருக்கும். பரவால்ல."

முதல் வெள்ளிக்கிழமை. கோயில் நிரம்பியிருந்தது. தாவீது சிலுவையை ஏந்தி முதல் படத்தின் முன் தலை குனிந்து நின்றார். பின்னால் மேரியும் கிளாஸ் பொம்பளைகள் பதினேழு பேரும் நிமிர்ந்து நின்றார்கள். பத்து வருசமாக வலியோடு மண்டியிட்ட கிழவர்கள் நாலைந்து பேர் பக்கத்தில் பார்த்துவிட்டு அவர்களும் எழுந்துகொண்டார்கள். பதினாலாவது படம் வரைக்கும் தாவீதின் குரல் நடுங்கவே இல்லை. ஜெயராஜ் பதினாலு தடவை முழந்தாள் போட்டு எழுந்து, கடைசியில் இடுப்பைப் பிடித்துக்கொண்டான்.

"பொண்டாட்டிக்காக நின்னாரு பாரு, அவருதான் ஆம்பள" என்று வாசலில் பேசிக்கொண்டார்கள். தாவீது காதில் விழாததுபோல் மூன்று தடவை அந்தப் பக்கம் நடந்தார்.

*

மார்ச் கடைசிப் புதன்கிழமை, கடைசி கிளாஸ். கிரேஸ் ஒரு அட்டைக்கட்டோடு வந்தாள். ஒவ்வொருவராகக் கூப்பிட்டு, கையை ஊன்றாமல் எத்தனை தடவை எழுந்து உட்கார முடிகிறது என்று எண்ணி, நோட்டைப் பார்த்து வாசித்தாள்.

"அஞ்சம்மாள். மொத நாள் ரெண்டு. இன்னிக்கு எட்டு."

கைதட்டல்.

"அடுத்து, தாவீது. வயசு அம்பத்தெட்டு. ரெண்டு முட்டியும் தேய்மானம், வலது அதிகம். மொத நாள் நாலு. தொடை நடுக்கம்."

தாவீது சிரித்தார். "நர்சம்மா, தப்பா எழுதிட்டீங்க. அது எங்க ஊட்டுக்காரி. பேரு ஆரோக்கியமேரி."

"மேரியம்மாவுக்கு என்னங்க? அவங்க முட்டி என் முட்டியவிட நல்லா இருக்கு. மொத கிளாசுக்கு ரெண்டு நாள் முன்னால அவங்களே வந்து உங்க பேரை எழுதிட்டுப் போனாங்க. 'எங்க ஊட்டுக்காரருக்கு முட்டிவலின்னு சொன்னா வரமாட்டாரு. எனக்குன்னு சொல்லி அனுப்பறேன். நீங்க காட்டிக்காதீங்க'ன்னு."

தாவீது மெதுவாகத் திரும்பிப் பார்த்தார். பதினேழு முந்தானைகள் பதினேழு வாய்களைப் பொத்தியிருந்தன. இந்தப் பத்து வாரமும் ஊரில் ஒருத்தருக்கும் இருமல் இல்லை என்பது அவருக்கு அப்போதுதான் புரிந்தது.

"உங்களுக்கெல்லாம் தெரியுமா?"

"அக்காங்" என்றாள் அஞ்சம்மாள். "ஆனா யாராண்டயும் சொல்லல அண்ணே. மேரிக்கா சத்தியம் வாங்கிக்கிச்சு. எங்க ஊட்டு ஆளுங்களுக்கும் இதே மாதிரி ஒண்ணு செய்யணும்னு ரோசன பண்ணிக்கினு கீறோம்."

"எழுந்து உக்காருங்க ஐயா, எண்ணணும்" என்றாள் கிரேஸ்.

வேறு வழியில்லை. எழுந்து உட்கார்ந்தார். கோபத்தில் பதிமூன்று தடவை வந்தது. அந்த வகுப்பிலேயே அதுதான் அதிகம். அட்டையைக் கொடுத்தார்கள். கைதட்டினார்கள்.

வழியெல்லாம் ஒத்திகை பார்த்துக்கொண்டே வந்தார். பத்து வாரம்! அரை வயித்துச் சோறு! டிக்கெட் சைஸ் மீனு! கேட்க வேண்டிய கேள்விகள் இருபது இருந்தன. கோபத்தில் வேகமாக நடந்தார். எப்போதும் ஆகிற நேரத்தில் பாதியில் வீடு வந்துவிட்டது. வாசல் படி மூன்றையும் ஒரே மூச்சில் ஏறினார்.

"ஏமே மேரி!"

அன்றைக்குப் பள்ளிக்கூடத்துக்கு லீவு. மேரி அடுப்பங்கரையிலிருந்து வந்தாள். அவர் முகத்தைப் பார்த்தாள். கையில் அட்டையைப் பார்த்தாள். பிறகு அவர் ஏறிவந்த படியைப் பார்த்தாள். அவள் கண் கொஞ்சம் கலங்கியது மாதிரி இருந்தது. அடுப்புப் புகையாகவும் இருக்கலாம்.

"அன்னிக்குக் கோயில்ல நீ நாலு கால்ல போனத ஜன்னல் வழியாப் பாத்தேன்யா" என்றாள். "ராவெல்லாம் தூக்கம் வரல."

இருபது கேள்வியில் பத்தொன்பது காணாமல் போனது. தாவீது ஒன்றைப் பிடித்துக்கொண்டார்.

"அதுக்கு என்னாண்ட நேரா சொல்றதுதான?"

"சொல்லியிருந்தா?"

தாவீது யோசித்தார். இந்தத் தடவை நிஜமாகவே யோசித்தார்.

"போயிருக்க மாட்டேன்" என்றார்.

"சரி, ஒக்காரு. சோறு போடறேன். அட்டைல இன்னா எழுதிக்கிது, படி கேக்கலாம்."

தாவீது நாற்காலியில் உட்கார்ந்து அட்டையைப் பிரித்தார். முகத்துக்குக் கிட்டே கொண்டுவந்தார். தள்ளிப் பிடித்தார். கையை எவ்வளவு நீட்ட முடியுமோ அவ்வளவு நீட்டினார். கை தீர்ந்துபோனது.

"எழுத்து ரொம்பப் பொடிசா எழுதியிருக்குது அந்த நர்சு" என்றார்.

மேரி தட்டில் சோற்றைப் போட்டாள். இன்று மூன்று கரண்டி. மீன் துண்டும் கொஞ்சம் பெரிசு. எதிரே முக்காலியில் உட்கார்ந்து, இரண்டு கண்ணையும் முந்தானையால் மெல்லத் துடைத்துக்கொண்டாள்.

"கொஞ்ச நாளா எனக்குக் கண்ணு மங்கலாவே இருக்குதுய்யா. வர்ற சனிக்கெழம பொன்னேரில கண் கேம்ப் போடறாங்களாம். அன்னிக்கு எனக்குத் துணி தொவைக்கிற வேல கீது."

தாவீது மீனைப் பிட்டார். வாயில் போட்டார். மென்று முழுங்கினார்.

"எத்தினி மணிக்கு நான் போவணும்?" என்றார்.